ஏழாம் லயத்துக்குப் பெட்டி இல்லை: ஓர் உதவித்தொகை இணையத்தளத்தைத் திருத்திய நிகழ்வு ஆய்வு

தலவாக்கலை பஜாரில் ஒரு கொமியூனிகேஷன் கடை. போட்டோகொப்பி எடுப்பார்கள், ரீலோட் போடுவார்கள், அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பார்கள், ஒன்லைன் விண்ணப்பமும் நிரப்பித் தருவார்கள். அந்தக் கடைக் கணினியில் வேலை செய்யும் தம்பியின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆய்வு தடம் மாறியது அன்றுதான். அதற்கு முந்திய வாரங்களில் வேறு இடங்களில் தேடிக்கொண்டிருந்தோம். அந்த வாரங்களையும் மறைக்காமல் எழுதுகிறேன். இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு அதுதான் கூடுதலாக உதவும் என்று நினைக்கிறேன்.

வந்த வேலை

கொழும்பில் இருந்து இயங்கும் ஒரு கல்வி உதவி நிறுவனம், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் தொழிற்பயிற்சிக்குப் போக விரும்பும் மலையகப் பிள்ளைகளுக்கு மாதாந்த உதவித்தொகை கொடுத்து வருகிறது. முன்பெல்லாம் கடதாசிப் படிவம். ஆசிரியர்கள் கையால் பிள்ளைகளுக்குப் போகும், தபாலில் திரும்பி வரும். பிறகு எல்லாவற்றையும் இணையத்தளத்துக்கு மாற்றினார்கள். தளம் பார்க்க அழகாக இருந்தது, தமிழிலும் இருந்தது. ஆனால் விண்ணப்பங்கள் குறைந்தன. தளத்தைத் திறந்து பார்த்தவர்கள் நிறையப் பேர், முடித்து அனுப்பியவர்கள் கொஞ்சம் பேர்.

"பிள்ளைகளுக்கு இப்போது ஆர்வம் குறைந்துவிட்டதோ?" என்று முதல் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நான் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. 2020, 2021இல் பாடசாலைகள் மூடியிருந்த காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காகச் சிக்னல் தேடி மலை உச்சிக்கும் மரத்துக்கும் ஏறிய பிள்ளைகள் இவர்கள். ஆர்வத்தில் குறை இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரியும் என்று சொல்வது ஆய்வு ஆகாது. சரி, பார்த்துவிடுவோம் என்று வேலையை எடுத்துக்கொண்டேன்.

தளத்தின் வருகைப் பதிவுகள் இரண்டு இடங்களைக் காட்டின. ஐந்து பக்கப் படிவத்தில், தொலைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணைப் போடும் முதல் பக்கத்தில் ஒரு கூட்டம் நின்றுபோகிறது. முகவரியும் பெற்றோர் விவரமும் கேட்கும் இரண்டாம் பக்கத்தில் இன்னொரு கூட்டம். அந்தப் பக்கத்தில் பதினைந்துக்கு மேல் பெட்டிகள். எந்தப் பெட்டியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பது பதிவில் இல்லை.

எல்லோரும் முடித்த சோதனை

முதலில் நான் சந்தேகப்பட்டது மொழிபெயர்ப்பை. 'சமர்ப்பிக்கவும்', 'செல்லுபடியற்ற உள்ளீடு' என்றெல்லாம் இருந்தது. அவற்றை 'அனுப்பு', 'இந்த எண்ணில் ஏதோ பிழை இருக்கிறது, ஒருமுறை பாருங்கள்' என்று மாற்றினோம். பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் ஐந்து இளைஞர்களைக் கூப்பிட்டுச் சோதித்தோம். ஐந்து பேரும் படிவத்தை முடித்தார்கள்.

ஏன் ஐந்து? ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் டாம் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கு ஒன்று, தளங்களைப் பயனர்களிடம் சோதித்துப் பார்க்கும் இந்தத் துறையில் எல்லோருக்கும் பாடம். ஒரு பயனர் சராசரியாக ஒரு தளத்தின் சிக்கல்களில் 31 சதவீதத்தை வெளியே கொண்டுவருவார். அடுத்தவர் அதில் ஒரு பகுதியைத் திரும்பக் காட்டி, கொஞ்சம் புதிதாகக் காட்டுவார். இப்படியே போனால் ஐந்தாம் ஆளில் ஏறத்தாழ 85 சதவீதம் வெளியே வந்துவிடும். 2000ஆம் ஆண்டில் நீல்சன் இதை விளக்கி எழுதிய பிறகு 'ஐந்து பேர் போதும்' என்பது ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. அதே கட்டுரையில் அவர் இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறார். பதினைந்து பேரை ஒரே தடவையில் சோதிப்பதைவிட ஐந்து ஐந்து பேராக மூன்று தடவை, நடுவில் திருத்தித் திருத்திச் சோதிப்பது மேல். அடுத்தது, பயனர்கள் வேறு வேறு வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையிலும் தனியாக ஆள் எடுக்க வேண்டும். இந்த இரண்டாவதை நாங்கள் கவனிக்கவில்லை. வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஆளுக்கொரு போன், வீட்டில் வைஃபை, கதவில் இலக்கம், வாசலில் வீதியின் பெயர். அவர்களுக்கு அந்தப் படிவம் சரியாகத்தான் பொருந்தியது.

மதிப்பீட்டுக்கு 'சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்' என்ற பத்துக் கூற்றுப் படிவத்தையும் தமிழாக்கிக் கொடுத்தோம். ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது. நூற்றுக்கு இத்தனை என்று வரும், 68ஐச் சராசரியாகக் கொள்வார்கள். எங்களுக்கு அதைவிட நன்றாகவே வந்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதியிருந்தால் வேலை அதோடு முடிந்திருக்கும், விண்ணப்பங்களும் அப்படியேதான் கிடந்திருக்கும்.

இரண்டு பேராக உட்கார வைத்தோம்

அட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனை. மூன்று இடங்களிலும் ஆசிரியர்கள் வழியாகப் பிள்ளைகளைக் கேட்டோம். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு வீட்டில் போய்ச் சம்மதம் வாங்கினோம். வீடியோ எடுக்கவில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், இருக்கும் பெண்பிள்ளையின் முகம் கொழும்பில் யாருடைய கணினியிலோ கிடப்பதைப் பெற்றோர் விரும்பமாட்டார்கள், எனக்கும் விருப்பமில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டோம். பஸ் காசும் டேட்டாவும் எங்கள் செலவு. தோட்டத்து வாசிகசாலை, கோயில் மண்டபம், ஒரு வீட்டு வாசல், கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம். அவரவர் வீட்டில் புழங்கும் போனையே கொண்டுவரச் சொன்னோம். இதை யாருக்கும் அழுத்திச் சொல்வேன். ஆய்வாளரின் புதுப் போனில் சோதித்தால், கண்ணாடி வெடித்து, நினைவகம் நிரம்பி, 'த' அடித்தால் 'ந' விழும் போனில் நடப்பது தெரியவே வராது.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலையைச் செய்யச் சொல்வது இந்தச் சோதனைகளில் வழக்கமான முறை. எங்கள் பிள்ளைகளிடம் அது எடுபடவில்லை. கொழும்பிலிருந்து வந்த 'மிஸ்' முன்னால் வாய் திறக்கத் தயங்கினார்கள். "எல்லாம் நல்லா இருக்கு மிஸ்" என்றார்கள். பத்துக் கூற்றுப் படிவத்திலும் எல்லாவற்றுக்கும் ஐந்து, அதாவது முழுச் சம்மதம், போட்டார்கள். அந்தப் படிவத்தில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறைக் கூற்று, அதாவது தளத்தைக் குறை சொல்லும் கூற்று. அதற்கும் ஐந்து. அது மரியாதைக்குப் போட்ட ஐந்து. அதை அங்கேயே நிறுத்திவிட்டோம்.

அப்புறம் சிநேகிதிகளை இரண்டு இரண்டு பேராக ஒரே போனுக்கு முன்னால் உட்கார வைத்தோம். "நீங்க ரெண்டு பேரும் பேசிப் பேசி நிரப்புங்க, நான் ஒரு பக்கமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு விலகி உட்கார்ந்தேன். அவர்கள் வீட்டில் செய்வதும் அப்படித்தான். பேச்சு தானாக வந்தது. என் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. அது சுலபமில்லை. முதல் நாள் ஒரு பிள்ளை தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் "அங்க அழுத்து தங்கச்சி" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சோதனையின் மிச்சத்தைக் கணக்கில் எடுக்க முடியவில்லை.

லைன் ஒன்று, லைன் இரண்டு

அக்கரப்பத்தனைப் பிள்ளைகள் இருவர் ஆங்கிலப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ் இருக்கிறதே என்று பிறகு கேட்டபோது, தமிழில் நிரப்பினால் தள்ளிவிடுவார்கள் என்று பயம் என்றார்கள். இரண்டாம் பக்கத்தில் 'அட்ரஸ் லைன் 1', 'அட்ரஸ் லைன் 2' என்று இரண்டு பெட்டிகள். ஒருத்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல லைன் ஒன்னு, லைன் ரெண்டு மட்டும்தானே இருக்கு. நாங்க ஏழாம் லைன்ல இருக்கோம்."

"மத்த லைன்காரங்க போட ஏலாது போல," என்றாள் மற்றவள்.

இரண்டு பேரும் போனைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் கொப்பியில் எழுதினேன், கை நடுங்கியது. அவர்கள் படித்ததில் பிழை ஒன்றுமில்லை. தேயிலைத் தோட்டத்தில் லைன் என்றால் லயம், தலைமுறை தலைமுறையாக அதுதான் பொருள். முகவரியின் முதல் வரி, இரண்டாம் வரி என்று அதைப் படிக்க, வேறொரு வாழ்க்கையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

தமிழ்ப் பக்கம் எடுத்தவர்களுக்கும் அதே இடத்தில் முட்டியது. வீட்டு இலக்கம், வீதி, நகரம், ஐந்து இலக்கத் தபால் குறியீடு, நான்கும் கட்டாயம். ஒன்றை விட்டால் சிவப்புக் கோடு. தோட்டத்தில் வீதி என்று பெயர் வைத்த ஒன்று கிடையாது. மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு, லயத்து இலக்கம், காம்பரா (அறை), அதுதான் முகவரி. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கழிந்து கைக்கு வந்த கதை எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. வீதிப் பெட்டியில் ஒரு தம்பி 'இல்லை' என்று எழுதினான். இரண்டு பேர் பக்கத்து நகரத்தின் பிரதான வீதியை எழுதினார்கள். படிவம் அதை ஏற்றுக்கொண்டது. உண்மை எழுதியவனை நிறுத்தி, இட்டுக்கட்டி எழுதியவர்களை உள்ளே விட்ட பெட்டி அது.

தோட்டத்தின் பெயரைப் பட்டியலில் தேடுவது அடுத்த சிக்கல். பட்டியல் ஆங்கில எழுத்துக் கூட்டலைத் தமிழாக்கியது. அதில் 'செயின்ட் கிளேர்' இருந்தது, பிள்ளை தேடியது 'சென்கிளயார்'. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் தோட்டத்தை எங்கள் ஊரில் யாரும் 'செயின்ட் கூம்ப்ஸ்' என்பதில்லை, 'சென்கூம்ஸ்' என்போம். பட்டியலில் கிடைக்காததால் 'வேறு' என்று போட்டுவிட்டு வெறுமையாக விட்டவர்களும் இருந்தார்கள்.

பெயரும் அப்படித்தான். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டி. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயரை ஒருவர் முதலில் போட்டார், ஒருவர் கடைசியில் போட்டார். அதைவிடப் பெரிய பயம் எழுத்துக் கூட்டல். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு விதம். தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் கேட்டபடி எழுதியது, பிறகு மொழி மாறி மொழி மாறி எழுதியது. "எதைப் போட்டாலும் பிழையாகிவிடும்" என்று நினைத்து அங்கேயே நிறுத்தியவர்கள் உண்டு. கூட்டல் மாறுவதால் ஊழியர் சேமலாப நிதிப் பணம் எடுக்க அலைந்த அப்பாக்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கத் தேவையில்லை.

பெற்றோரின் மாத வருமானம் என்ற பெட்டியில் ஓர் அம்மாவும் மகளும் வெகு நேரம் பேசினார்கள். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது உண்மை. ஆனால் மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார், சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போக, முற்பணம் போக, கைக்கு வந்தது எவ்வளவு? மழை மாதம் ஒரு தொகை, வெயில் மாதம் ஒரு தொகை. படிவம் ஒரே எண்ணைக் கேட்டது. தாயின் தொலைபேசி எண்ணும் கட்டாயம், பத்து இலக்கமாக, பூச்சியத்தில் தொடங்க வேண்டும். அம்மா வீட்டு வேலைக்கு குவைத்துக்குப் போயிருக்கும் பிள்ளை என்ன செய்வாள்? அவளை வளர்ப்பது அம்மாயி.

கடைத் தம்பி

இப்போது தொடக்கத்தில் சொன்ன கடைக்கு வருகிறேன். சோதனைக்கு வந்த பிள்ளைகளிடம் "இதற்கு முன் ஏதாவது ஒன்லைன் படிவம் நிரப்பியிருக்கிறீர்களா?" என்று கேட்டபோது பலரும் ஒரே பதில் சொன்னார்கள். "கொமியூனிகேஷன்ல குடுத்து நிரப்புவோம் அக்கா." அதாவது, எங்கள் தளத்தை அதிகம் பயன்படுத்துகிறவர் மாணவர் இல்லை. பஜாரில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. ஒரே ஆள் பல பிள்ளைகளுக்காக உட்கார்ந்து நிரப்புகிறார். எங்கள் திட்டத் தாளில் அவரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அவரிடம் அனுமதி கேட்டு உட்கார்ந்தேன். முதல் படிவத்துக்கு வந்த பிள்ளையிடம் போன் இல்லை. அப்பாவின் போன் அப்பாவோடு மலைக்குப் போய்விட்டது. ஓடிபி ஐந்து நிமிடத்தில் காலாவதி. அதனால் தம்பி தன் எண்ணைப் போட்டார். வேலை நடந்தது. அடுத்த பிள்ளைக்கு அதே எண்ணைப் போட்டபோது 'இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் உள்ளது' என்று தளம் நிறுத்தியது. அவர் தன் அம்மாவின் எண்ணைப் போட்டார், அடுத்ததற்குக் கூட்டாளியின் எண். அதற்கடுத்த பிள்ளையிடம் "சிஸ்டம் எடுக்குதில்ல தங்கச்சி, அடுத்த கிழமை வா" என்றார். அந்தப் பிள்ளை காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அவளுடைய தோட்டத்துக்கு நாளைக்கு மூன்று பஸ். எங்கள் பதிவுகளில் அவள் முதல் பக்கத்தில் நின்றுபோன ஒரு வருகை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் அன்று பார்த்தேன். அவர் பெயரையும் முகவரியையும் வேர்ட்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு, வெட்டிப் படிவத்தில் ஒட்டினார். இலங்கையில் தமிழ்த் தட்டச்சு படித்தவர்கள் பெரும்பாலும் பாமினியில்தான் பழகியவர்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரித் தெரியும். பெட்டியில் அப்படித்தான் தெரிந்தது. "இது இங்க இப்படித் தெரியும் மிஸ், அவங்க பக்கம் தமிழாத் தெரியும்" என்றார். அவர் முழு நம்பிக்கையோடு சொன்னார்.

அன்றிரவே நிறுவனத்துக்கு அழைத்து, குப்பை எழுத்தோடு வந்த விண்ணப்பங்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். 'போலி' என்று ஒரு கோப்புறையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நல்ல காலம், அழிக்கவில்லை. அந்தக் கோப்புறையை வாங்கி, பாமினியை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும் கருவியில் போட்டேன். வரி வரியாகத் தமிழ்ப் பெயர்கள் எழுந்து வந்தன. பொகவந்தலாவை, மஸ்கெலியா, இராகலை. அப்பா பெயர், அம்மா பெயர், பரீட்சைச் சுட்டிலக்கம். எல்லாமே உண்மையான பிள்ளைகள். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த ஆய்வில் எதை நான் மறந்தாலும் அந்தத் திரையை மறக்கமாட்டேன்.

என்ன மாற்றினோம்

முதல் சண்டை தொலைபேசி எண்ணுக்காக. சண்டை என்றால் சத்தம் இல்லை, மூன்று கூட்டம். ஒரு எண்ணுக்கு ஒரு விண்ணப்பம் என்ற விதியை எடுத்தால் ஒருவரே பத்து விண்ணப்பம் போடுவார் என்று நிறுவனம் பயந்தது. பயம் நியாயமானது, பிறர் கொடுத்த காசு. ஆனால் ஆளை அடையாளம் காண போன் எண் எதற்கு? அடையாள அட்டை இலக்கம் ஆளுக்கு ஒன்றுதானே. 2016இல் இருந்து வரும் புதிய அட்டையில் 12 இலக்கம். முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே அந்த இலக்கத்தைப் போட்டதுமே பிறந்த தேதியும் பாலினமும் தாமாக வந்துவிடும். 'இது சரியா?' என்று மட்டும் கேட்டால் போதும். தேதி தேடி உருட்டும் பெட்டியையும் இன்னொரு கேள்வியையும் எடுத்துவிட்டோம். பெற்றோரின் அட்டை பழையது, ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். தளம் 12 இலக்கத்தை மட்டும் ஏற்றுக்கொண்டிருந்தது. அதையும் திறந்துவிட்டோம். ஓடிபி முதல் பக்கத்திலிருந்து போய்விட்டது. தெரிவான பிறகு பேசிச் சரிபார்த்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

'உங்களுக்கு யாராவது உதவி செய்கிறார்களா?' என்று ஒரு கேள்வி சேர்த்தோம். ஆம் என்றால் உதவுபவரின் எண்ணும் பிள்ளையை எட்டக்கூடிய எண்ணும் தனித்தனியாக. பக்கத்து வீட்டுப் போன் என்றாலும் சரி, ஆசிரியரின் போன் என்றாலும் சரி, யாருடையது என்று எழுதினால் போதும்.

முகவரிப் பக்கத்தில் முதல் கேள்வி 'நீங்கள் இருப்பது தோட்டத்திலா, கிராமத்திலா, நகரத்திலா?' என்பது. தோட்டம் என்றால் தோட்டத்தின் பெயர், பிரிவு, லயம் அல்லது தனி வீடு. வீதி இல்லை, தபால் குறியீடு இல்லை. அதற்குக் கீழே, 'கடிதம் எந்த முகவரிக்கு வந்தால் உங்கள் கையில் கிடைக்கும்?' என்று ஒரு பெட்டி. பிள்ளைகள் அதில் பாடசாலையை எழுதினார்கள், பஜார்க் கடையை எழுதினார்கள். தோட்டத் தேடலில் ஒரே தோட்டத்துக்கு நாலைந்து கூட்டல் சேர்த்தோம், சென்கிளயாரும் செயின்ட் கிளேரும் ஒரே இடத்துக்குப் போகும்.

பெயருக்கு ஒரே பெட்டி, அடையாள அட்டையில் உள்ளபடி. கீழே ஒரு வரி: 'மற்ற ஆவணங்களில் எழுத்துக் கூட்டல் வேறாக இருந்தால் பரவாயில்லை, அப்படியே அனுப்புங்கள்.' இந்த ஒரு வரிக்கு நான் காட்டிய பிடிவாதத்துக்கு வருத்தப்படவில்லை. வருமானப் பெட்டிக்குப் பதிலாகக் கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டின் படம். படம் பெரிதாக இருந்தால் போனிலேயே சுருக்கி அனுப்பும். முன்பு பிடிஎஃப் மட்டும், ஒரு எம்பிக்குள் என்று இருந்தது.

இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியின் 2023இல் வந்த 2.2 பதிப்பு, ஒருமுறை தந்த தகவலைத் திரும்ப எழுத வைக்காதே என்கிறது. எங்கள் படிவம் பெயரை மூன்று பக்கத்தில் கேட்டது. அதை எடுத்தோம். அழுத்தும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்கிறது. கொழுந்து பறித்து மரத்துப்போன விரலால் அழுத்தும் அம்மாக்களுக்கு அது காணாது என்று 48 வைத்தோம். தமிழ்ச் சொல் நீளம், பொத்தானுக்குள் இரண்டாக உடைந்து நிற்கும். பொத்தானைத் திரை அகலத்துக்கு நீட்டிவிட்டோம். தளத்தோடு இறங்கிய அலங்கார எழுத்துருவை நீக்கினோம். ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு ஏன் பிள்ளையின் டேட்டாவைச் செலவழிப்பது?

எழுதியது ஒவ்வொரு பெட்டியாகப் போனிலேயே சேமிக்கப்படும். சிக்னல் போனாலும் போகாது. கடைக் கணினியில் மட்டும் அனுப்பியதும் அழிந்துவிடும், அடுத்த பிள்ளை முந்தியவரின் விவரத்தைப் பார்க்கக் கூடாது.

பாமினிக்காக ஒரு சிறு வேலை. ஒட்டப்படும் எழுத்து பாமினி மாதிரி இருந்தால் தளம் அதை ஒருங்குறிக்கு மாற்றி, 'நீங்கள் எழுதியது இதுதானா?' என்று காட்டும். மாற்றுவது ஓர் அட்டவணை வேலைதான், ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. 'கெ', 'கை' போன்றவற்றில் கொம்பையும் சங்கிலிக் கொம்பையும் பாமினியில் எழுத்துக்கு முன்னால் அடிப்போம், ஒருங்குறியில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். இடம் மாற்றாமல் விட்டால் பெயர் உடைந்து தெரியும்.

இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும்

மாற்றியதை உடனே கணினியில் கட்டவில்லை. முதலில் கடதாசியில் பக்கம் பக்கமாக வரைந்து, பிள்ளைகளிடம் பென்சிலால் நிரப்பச் சொன்னோம். அங்கேயே ஒரு பிழை தெரிந்தது. 'பிரிவு' என்ற பெட்டியில் இரண்டு பேர் உயர்தரத்தில் படித்த பிரிவை, கலை, வணிகம் என்று எழுதினார்கள். 'தோட்டத்தில் எந்தப் பிரிவு, டிவிஷன்?' என்று மாற்றினோம். இதைக் கணினியில் கட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால் இரண்டு நாள் வேலை, கடதாசியில் அழிறப்பரோடு போயிற்று.

இரண்டு வடிவங்களைப் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டி எது மேல் என்று பார்க்கும் ஏ/பி சோதனையை நிறுவனம் கேட்டது. வேண்டாம் என்றேன். அதற்கு ஆயிரக்கணக்கான வருகை வேண்டும். எங்களுக்கு வருவது ஒரு பருவத்துக்கான விண்ணப்பங்கள். அதில் வரும் வித்தியாசம் தற்செயலா உண்மையா என்று பிரிக்க முடியாது.

மூன்றாம் தடவை அதே கடைக்குப் போனேன். தம்பி நிரப்பிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்று, "இது யாருக்குத் தெரிஞ்சது மிஸ்?" என்று கேட்டார். உதவுபவர் யார் என்ற கேள்வி அது. "நீங்க சொல்லித் தந்ததுதான்" என்றேன். அன்று ஒரு பிள்ளையும் அடுத்த கிழமை வா என்று திருப்பி அனுப்பப்படவில்லை. அக்கரப்பத்தனையில் சிநேகிதிகள் இருவரும் ஒரே போனில் ஒருத்தி முடித்து, அடுத்தவள் முடித்து, இரண்டையும் அனுப்பினார்கள். 'போலி' கோப்புறையில் இருந்தவர்களில் தொடர்பு கொள்ள முடிந்தவர்களை நிறுவனம் அழைத்துப் பேசியது. சிலர் இப்போது பயிற்சியில் இருக்கிறார்கள். சிலர் அதற்குள் கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

தீராத ஒன்று டேட்டா. பிள்ளைகள் போடுவது வாட்ஸ்அப்புக்கோ யூடியூப்புக்கோ மட்டும் ஓடும் பேக். அறிவித்தல் வாட்ஸ்அப்பில் வருகிறது, இணைப்பைத் தொட்டால் தளம் திறக்காது, அல்லது இருக்கிற காசு கரையும். தளத்தை எவ்வளவு மெலிதாக்கினாலும் அந்தக் கதவு எங்கள் கையில் இல்லை. இப்போதைக்கு, என்னென்ன ஆவணம் வேண்டும், கடைசித் தேதி எது, யாரைக் கேட்கலாம் என்பதை இணைப்பே இல்லாமல் வாட்ஸ்அப் செய்தியாகவே எழுதி அனுப்புகிறோம். பஜார்க் கடைகளின் கண்ணாடியில் ஒட்டவும் ஒரு தாள் கொடுத்திருக்கிறோம்.

அடுத்த தடவை ஊவாப் பக்கம் போகிறோம். பசறை, ஹப்புத்தளை, பண்டாரவளை. அங்கத்தைய தோட்டப் பெயர்களை அங்கத்தைய ஆட்கள் எப்படிச் சொல்வார்கள் என்று எங்கள் தேடலுக்கு இன்னும் தெரியாது. தலவாக்கலைத் தம்பியின் மச்சான் பதுளையில் இதே மாதிரி ஒரு கடை வைத்திருக்கிறாராம். போன கிழமை அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. தோட்டம் தோட்டமாகப் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக, சில இடங்களில் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அதைக் கேட்டுக் கேட்டுப் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.